சின்னத்திரையில் கூத்து, சிறுவர் மனத்தில் போர்

2025 அக்டோபரில் ஒரு ஞாயிறு, மறைக்கல்வி வகுப்பு முடிந்த வேளையில், தந்தை ஒருவர் தம் மகனின் குறிப்பேட்டைக் கொண்டுவந்து என்னிடம் நீட்டினார். பத்துக் கட்டளைகள் எழுதப்பட்டிருக்க வேண்டிய பக்கத்தில், காதில் நீண்ட அணியும் கையில் வாளுமாக ஒரு சிறுவன் வரையப்பட்டிருந்தான். எதிரே, உடலெங்கும் கோடுகள் ஓடும் அரக்கன் ஒருவன். "ஃபாதர், ஜெபம் சொல்லக் கூப்பிட்டா வரமாட்டான். இந்த ஜப்பான் பேய்ப் படம்னா ராத்திரி பன்னிரண்டு மணி வரைக்கும் உக்காந்திருப்பான். அடுத்த ஞாயிறு பிரசங்கத்துல நீங்க கண்டிச்சுப் பேசணும்" என்றார். அவர் ஜோலார்பேட்டை ரயில்வேயில் பணிபுரிபவர். மனைவி விடியற்காலையிலேயே வேன் ஏறி ஆம்பூர்ப் பக்கத்துக் காலணித் தொழிற்சாலைக்குச் செல்பவர். இருவரும் இல்லாத நேரத்தில் பிள்ளைக்குத் துணையாக இருப்பது கைப்பேசியே. பையன் தலைகுனிந்து நின்றிருந்தான். குறிப்பேடு திரும்பக் கிடைக்குமா என்பதே அவனுடைய கவலை என்று எனக்குப்பட்டது.

பார்க்காத ஒன்றைப் பீடத்தில் நின்று கண்டிப்பது முறையாகாது. ஆகவே பார்க்கத் தொடங்கினேன். சில இரவுகள் அதற்குச் செலவாயின. எழுத வந்தது கண்டனமாக அமையாமற் போனதற்கு அந்த இரவுகளே காரணம்.

ஜப்பானியர் தம் சித்திரக்கதைகளை 'மங்கா' என்பர். அவர்களுடைய அசைவுப் படங்கள் 'அனிமே'; அவற்றுள் பல மங்காவினின்று எடுக்கப்படுபவை. இவற்றுள் நம் சிறுவர்களைப் பெரிதும் ஈர்ப்பவை போர்க்கலைக் கதைகள். அக்கிரா டோரியாமா 1984 முதல் 1995 வரை வரைந்த 'டிராகன் பால்', மசாஷி கிஷிமோட்டோ 1999 முதல் 2014 வரை வரைந்த 'நருட்டோ', கொயோஹாரு கொடோகே 2016-இல் தொடங்கி 2020-இல் முடித்த 'டீமன் ஸ்லேயர்' ஆகிய மூன்றின் பெயர்களையும் நம் ஆலய வளாகத்தில் பந்து விளையாடும் எந்தப் பையனும் சொல்வான். மூன்றும் 1968-இல் தொடங்கிய 'ஷோனென் ஜம்ப்' என்ற ஒரே சிறுவர் இதழில் தொடராக வந்தவை. 1990-களின் நடுவில் அவ்விதழ் வாரந்தோறும் அறுபத்தைந்து லட்சம் படிகள் விற்றது.

இவை தமிழுக்கு வந்த வழி நீண்டது. சிவகாசியின் முத்து காமிக்ஸ் 1972-இல் இரும்புக்கை மாயாவியைத் தந்தது முதல் நாங்கள் படித்தவை பெரும்பாலும் மேலைநாட்டுச் சித்திரக்கதைகள். 2007-இல் சுட்டி டிவி வந்து ஜாக்கி சானின் அசைவுப் படத் தொடரைக் கொச்சைத் தமிழில் பேசவைத்தபோது, சிறுவர் படங்களுக்குத் தமிழில் உயிருள்ள ஒரு குரல் பிறந்தது. 2022-இல் டிராகன் பாலும் நருட்டோவும் தமிழ் பேசின. 2025 செப்டம்பரில் டீமன் ஸ்லேயர் திரைப்படமே தமிழ்க்குரலோடு திரையரங்குகளுக்கு வந்துவிட்டது. குறிப்பேட்டில் இருந்த அரக்கன் அப்படத்தில் வருபவன்தான்.

இனி நம் கலைகளைத் தொலைக்காட்சி காட்டிய விதத்தைப் பார்ப்போம். சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975 ஆகஸ்டு 15-இல் தொடங்கியது. அந்நாளில் தெருவுக்கு ஒரு பெட்டி. வெள்ளிக்கிழமை 'ஒளியும் ஒலியும்' பார்க்க ஊரே அதன்முன் கூடும். அதே நிலையம் கிராமியக் கலைகளுக்கும் நேரம் ஒதுக்கியது என்பதை நன்றியோடு குறிப்பிட வேண்டும். பிற்காலத்தில் பொதிகை என்றும் 2024 சனவரி முதல் டிடி தமிழ் என்றும் பெயர் மாறிய அந்த அலைவரிசை அந்தப் பொறுப்பை முற்றிலும் கைவிட்டதில்லை. 2006-இல் தொடங்கிய மக்கள் தொலைக்காட்சி, திரைப்படப் பாட்டில்லாமலே ஓர் அலைவரிசை நடத்த முடியும் என்று துணிந்து, மண்ணின் கலைகளுக்கு இடங்கொடுத்தது. பிற தனியார் அலைவரிசைகளுக்குக் கூத்தும் கரகமும் பெரும்பாலும் பொங்கலன்று மட்டுமே நினைவுக்கு வரும். பாட்டு மட்டும் தப்பித்துக்கொண்டது. 2018-இல் செந்தில் கணேஷ் நாட்டுப்புறப் பாடல்களைப் பாடியே சூப்பர் சிங்கர் பட்டத்தை வென்றார். ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடுவதால் பாட்டு தொலைக்காட்சிக்கு வசதியானது. கூத்துக்கு அந்த வசதி இல்லை.

தெருக்கூத்து நம் வடாற்காட்டு மண்ணின் கலை. புரிசை, பெருங்கட்டூர் என்று அதன் ஊர்கள் நமக்கு அயலூர்கள் அல்ல. திரௌபதி அம்மன் கோவில் பாரதத் திருவிழாவில் பகலெல்லாம் பிரசங்கியார் கதை சொல்ல, இரவெல்லாம் கூத்து நடக்கும். கிறிஸ்தவக் குடும்பத்துப் பிள்ளையான நான் அங்கே போவதை என் தாயார் விரும்பியதில்லை. ஆனாலும் போயிருக்கிறேன். இருவர் திரையைப் பிடித்திருக்க, அதன் பின்னிருந்து குரல் மட்டும் வரும். கிரீடமும் புஜக்கட்டையும் மார்புப் பதக்கமுமாகக் கட்டை வேடக்காரர் தம்மைப் பற்றித் தாமே பாடிக்கொண்டு, திரைக்கு மேலே கிரீடத்தின் நுனியை மட்டும் காட்டுவார். முகவீணை கூவும். கட்டியங்காரன் குறுக்கே புகுந்து 'யாரப்பா நீ' என்று கேட்டு உள்ளூர் நையாண்டியெல்லாம் அவிழ்த்துவிடுவான். திரை விலக அரை மணியாவது ஆகும். அந்த அரை மணியில் குழந்தைகளுக்குத் தூக்கம் போய்விடும்.

தொலைக்காட்சி கூத்துக்கு மொத்தமாகத் தந்ததே அந்த அரை மணிதான்! அதிலும் பாதியை அறிவிப்பாளர் எடுத்துக்கொள்வார். 'அழிந்துவரும் இக்கலையை' என்று தொடங்கி, கலைஞரிடம் எத்தனை வயதிலிருந்து ஆடுகிறீர்கள், வருமானம் போதுமா என்று விசாரித்துவிட்டு, 'எங்கள் நேயர்களுக்காக ஒரு சிறு பகுதியை' என்பார். பகல்போன்ற வெளிச்சத்தில், பார்வையாளர் இல்லாத அறையில், அவர் நாலு அடி ஆடுவார். அவர் சுழன்றாடும்போது காமிரா கால் சலங்கையைக் காட்டும். கால் பேசும்போது முகத்துக்குத் தாவும். இப்படிப் பார்த்த பிள்ளைக்குக் கூத்து என்பது தாத்தாவின் நோயைப்போல் அனுதாபத்துக்குரிய ஒன்றாகத் தெரிந்ததில் வியப்பென்ன? சாகக் கிடப்பது என்று முன்னுரை சொல்லி அறிமுகப்படுத்தப்படும் எதன்மீதும் பன்னிரண்டு வயதுப் பையன் காதல் கொள்ளமாட்டான்.

ஜப்பானிய அரக்கன் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தபோது எனக்குக் கிடைத்த அதிர்ச்சி இதுதான்: தொலைக்காட்சி எதையெல்லாம் நீளம் என்று வெட்டியதோ, அதையெல்லாம் நம் பிள்ளைகள் இங்கே கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். எதிரிகள் இருவர் சந்தித்தவுடன் அடித்துக்கொள்வதில்லை. தாம் யார், தம் குரு யார், தாம் கற்ற வித்தையின் பெயர் என்ன என்று உரக்கச் சொல்கிறார்கள். ஒவ்வோர் அடிக்கும் பெயர் உண்டு. அதைச் சொல்லித்தான் அடிக்கிறார்கள். நடுவே தர்க்கம் செய்கிறார்கள். ஒரு சண்டை வாரக்கணக்கில் நீள்கிறது. கோமாளித் துணைவன் ஒருவன் இடையில் வந்து சிரிக்கவைக்கிறான். வித்தை பெறுவதற்குத் தவம் உண்டு. அருவியில் நிற்கிறார்கள், மலையில் பட்டினி கிடக்கிறார்கள். அர்ச்சுனன் தபசுக் கூத்தில், உயர நட்ட மரத்தில் பாட்டுப் பாடியபடியே ஏறுகிறவரை அண்ணாந்து பார்த்துக்கொண்டு, அவர் மேலிருந்து எறியும் எலுமிச்சம்பழத்துக்காகப் பெண்கள் மடியேந்தி நிற்பதைக் கண்டவர்களுக்கு இது புதிதாகத் தோன்றாது.

இவ்வொற்றுமையைக் கண்டதும், எல்லாம் இங்கிருந்து போனதுதான் என்று மார்தட்டத் தோன்றும். 2011-இல் வந்த '7ஆம் அறிவு' படம் போதிதருமரைக் காஞ்சிப் பல்லவராகக் காட்டியபின் இந்தப் பெருமை பலருக்குத் தலைக்கேறியது. போதிதருமர் ஷாவோலின் துறவிகளுக்குப் போர்க்கலை கற்பித்தார் என்பது மிகப் பிற்காலத்துக் கதை. அதைவிட உறுதியான செய்தி ஒன்றுண்டு. டிராகன் பால் நாயகன் சன் கோகுவின் பெயர், 'மேற்கு நோக்கிய பயணம்' என்ற சீனப் பெருங்கதையில் வரும் குரங்கு வீரனின் பெயர்தான். அக்கதையில் அவன் காத்துச்செல்லும் துறவியின் மூல உருவான யுவான் சுவாங், கி.பி. 640-ஐ ஒட்டிக் காஞ்சிபுரத்துக்கு உண்மையாகவே வந்தவர். கதைகள் இவ்வாறு போவதும் வருவதுமாகவே இருந்திருக்கின்றன. ஜப்பான் பேய் நாடு என்று அஞ்சும் பெற்றோருக்கும் ஒரு சொல்: நம் முத்துக்குளித்துறையில் உழைத்த புனித சவேரியார் 1549-இல் ஜப்பானில் காலடி வைத்தார். 1597-இல் நாகசாகியில் சிலுவையில் அறையப்பட்ட மறைசாட்சியர் இருபத்தறுவரில் ஒருவரான புனித கொன்சாலோ கார்சியா, மும்பையை அடுத்த வசையில் பிறந்தவர்.

ஆனால் பாராட்டோடு நிறுத்த முடியாது. முன் சொன்ன 'ஷோனென் ஜம்ப்' இதழுக்கு மூன்று சொற்கள் கொள்கையாகச் சொல்லப்படுவதுண்டு: நட்பு, முயற்சி, வெற்றி. மூன்றும் நல்ல சொற்களே. எனினும் அருள் என்ற சொல்லுக்கு அங்கே இடமில்லை. டிராகன் பாலில் வலிமையை எண்ணால் அளக்கும் கருவியே உண்டு. ஒவ்வொரு எதிரியும் முந்தியவனைவிடப் பெரிய எண்ணோடு வருகிறான். செத்தவனை ஏழு மந்திரக் கோளங்களைச் சேர்த்து எழுப்பிவிடலாம் என்றானபின் சாவுக்கு அங்கே எடையில்லை. நாம் நம்பும் உயிர்ப்பில் காயங்கள் மறைவதில்லை; தோமா அவற்றைத் தொட அழைக்கப்படுகிறார். இரத்தம் தெறிக்கும் காட்சிகள் சிறு பிள்ளைகளுக்கு உகந்தவையல்ல என்பதையும் அந்தத் தந்தையிடம் ஒப்புக்கொண்டேன்.

நருட்டோவைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேசவேண்டும். அவன் ஊராரால் ஒதுக்கப்பட்ட அனாதைச் சிறுவன். அவனுக்குள் ஒரு தீய சக்தி அடைபட்டிருப்பதால், தம் பிள்ளைகள் அவனோடு விளையாடுவதைப் பெரியவர்கள் விரும்புவதில்லை. ஒருநாள் இந்த ஊருக்கே தலைவனாவேன், அப்போது என்னைப் பார்ப்பீர்கள் என்று அவன் கத்துகிறான். தோல் பதனிடும் தொழிலைச் செய்ததாலேயே தலைமுறை தலைமுறையாகத் தள்ளிவைக்கப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகள் நம் பங்குகளில் இருக்கிறார்கள். ஆலயத்துக்குள்ளும் கல்லறைத் தோட்டத்திலும் அந்தத் தள்ளிவைப்பு தொடர்ந்த கதையை இவ்விதழின் வாசகர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. அவர்களில் ஒரு பையனிடம் எந்தக் கதை பிடிக்கும் என்று கேட்டேன். "நருட்டோதான், ஃபாதர். அவனை யாரும் சேத்துக்கமாட்டாங்க" என்றான். வேறு விளக்கம் தரவில்லை.

இதே ஏக்கத்துக்கு நம் கூத்தில் உரு கொடுத்தவன் கர்ணன். கர்ண மோட்சக் கூத்தில் போருக்குப் புறப்படும் கர்ணன் தன் மனைவி பொன்னுருவியிடம் விடைபெற வருகிறான். தேரோட்டி மகன் என்று அவனை இகழ்ந்துவந்தவள் அவள். இருவருக்கும் நடக்கும் நீண்ட தர்க்கத்தை ஊரே விழித்திருந்து கேட்கும், அழும். தொலைக்காட்சி அரை மணிக்குள் காட்டும் 'சிறு பகுதி'யில் இந்தத் தர்க்கத்துக்கு இடமிருக்காது. அம்பெய்யும் ஆட்டம்தான் இருக்கும்.

ஆயினும் கர்ணன் கதைக்கும் நருட்டோ கதைக்கும் பொதுவான ஒரு பிழை உண்டு. கர்ணன் கடைசியில் குந்தியின் மகன், சூரியனின் மகன் என்று தெரியவருகிறான். நருட்டோவும் அந்த ஊரின் நான்காம் தலைவரின் மகனே என்று தெரியவருகிறது. ஒதுக்கப்பட்டவனுக்கு மரியாதை கிடைக்கிறது. ஆனால் உண்மையில் அவன் ஒதுக்கப்பட்ட குலத்தான் அல்லன் என்று நிறுவிய பிறகே கிடைக்கிறது. எந்த வித்தையும் இயல்பில் வராமல் உழைப்பாலேயே உயர்ந்த ராக் லீ என்ற பையன் அதே கதையில் வருகிறான். கதை வளர வளர அவன் ஓரத்துக்குப் போய்விடுகிறான். இந்த இடத்தில் எனக்குக் கோபமே வந்தது. நாசரேத்து ஊரார் 'இவர் தச்சர் மகன் அல்லவா' என்று இழிவாகக் கேட்டபோது, நற்செய்தி அந்தத் தச்சுப்பட்டறையை மறைத்துவிடவில்லை. தாவீதின் வழிமரபைப் பட்டியலிடும் மத்தேயுவே அந்தப் பட்டியலில் தாமாரையும் இராகாபையும் உரியாவின் மனைவியையும் சேர்த்து எழுதிவிடுகிறார். குலப்பெருமைக்கு வேண்டாதவர்களையும் விட்டுவிடாத பட்டியல் அது.

குறிப்பேட்டு அரக்கனுக்கு வருகிறேன். அவன் பெயர் அக்காசா. டீமன் ஸ்லேயர் கதையின் நாயகன் தஞ்சிரோ கரி விற்கும் குடும்பத்துப் பிள்ளை. அரக்கனால் குடும்பத்தை இழந்து, அரக்கியாக மாறிவிட்ட தங்கையை மீட்க வாளெடுத்தவன். 2025-இல் வந்த படம் இரண்டரை மணி நேரத்துக்கு மேல் ஓடுகிறது. அதில் சண்டை உச்சத்தை எட்டும் நேரத்தில் கதை நின்றுவிடுகிறது. அக்காசா மனிதனாயிருந்த காலத்துக்குப் போகிறோம். அப்போது அவன் பெயர் ஹக்குஜி. நோயாளித் தந்தைக்கு மருந்து வாங்கத் திருடி, பிடிபட்டு, குற்றவாளி என்று கையில் பச்சை குத்தப்பட்டவன். மகன் தனக்காகத் திருடுவதைத் தாங்காமல் தந்தை தூக்கிட்டுக்கொள்கிறார். போர்க்கலை ஆசான் ஒருவர் அவனைச் சேர்த்துக்கொள்கிறார். அவருடைய நோயாளி மகள் கொயுக்கியை அவன் பராமரிக்கிறான், மணமும் நிச்சயமாகிறது. பகைகொண்ட பக்கத்துப் பயிற்சிக்கூடத்தார் கிணற்றில் நஞ்சிட, ஆசானும் மகளும் இறக்கிறார்கள். அவன் வெறும் கையால் அந்தக் கூடத்தார் அறுபத்தேழு பேரைக் கொல்கிறான். அதன்பிறகே அரக்கனாகிறான். கதை மீண்டும் சண்டைக்குத் திரும்பும்போது, தலை போன பின்னும் பிழைத்தெழும் வல்லமை அவனுக்கு இருக்கிறது. அவனே அதை நிறுத்திக்கொள்கிறான். இறந்த கொயுக்கி வந்து அவனைத் தழுவிக்கொள்கிறாள். தீ எழுகிறது. அந்தத் தீக்குள்ளும் அவள் அவனை விடவில்லை.

பெரிய சனியன்று ஆண்டவர் பாதாளத்தில் இறங்கினார் என்று நம்பிக்கை அறிக்கையில் சொல்கிறோம். குருமடத்தில் அந்த வரிக்கு விளக்கமாக நான் படித்தவை பல. அந்த இரவு அவற்றில் சில எனக்குப் புதிதாகப் புரிந்தன. அக்கதையாசிரியர் கிறிஸ்தவக் கருத்தை எழுதினார் என்று நான் சொல்லவில்லை. மறுபிறப்பை நம்பும் உலகம் அவருடையது. எதிரியின் கதையைக் கேட்காமல் அவனைச் சாகவிடக் கூடாது என்ற ஒரு நியாயத்தை மட்டும் அவர் உறுதியாகப் பிடித்துக்கொண்டிருக்கிறார். கூத்தில் பதினெட்டாம் போரில் துரியோதனன் வீழும்போதும் இந்த நியாயம் இருந்தது. அவனுக்காகவும் ஊரில் ஒப்பாரி உண்டு.

நம் திருச்சபை இக்கலைக்கு என்ன செய்தது? பரதக்கலைக்கு 1977-இல் திருச்சியில் கலைக்காவிரி பிறந்தது. அதன் தொண்டு பெரிது. கூத்தை அப்படி யாரும் மடியில் எடுத்துக்கொள்ளவில்லை. ஈழத்தில் நிலைமை வேறு. யாழ்ப்பாணம், மன்னார்க் கத்தோலிக்க ஊர்களில் புனிதர் வரலாறுகளே இரவு முழுதும் நாட்டுக்கூத்தாக ஆடப்பட்டன. மரியசேவியர் அடிகளார் 1965-இல் தொடங்கிய திருமறைக் கலாமன்றம் போர்க்காலத்திலும் கூத்தையும் திருப்பாடுகளின் காட்சியையும் விடாமல் மேடையேற்றியது. காஞ்சிபுரத்தருகே புஞ்சரசந்தாங்கலில், பெருங்கட்டூர் ராஜகோபாலும் ஹன்னே டி ப்ரூயினும் 2002 முதல் 2020 வரை நடத்திய குருகுலத்தில் ஆண்பிள்ளைகளும் பெண்பிள்ளைகளும் பள்ளிப் பாடத்தோடு கூத்தும் கற்றனர். பிள்ளைகளுக்கு நீளம் பிடிக்காது என்ற வாதம் அங்கே பொய்த்துவிட்டது.

பிறரைச் சொல்லிவிட்டு என்னை மறைத்துக்கொள்வது நேர்மையாகாது. எங்கள் பங்கில் புனித வாரத்தில் நடக்கும் பாஸ்கா, பழைய கையெழுத்துப் பிரதிப்படி நான்கு மணி நேரம். சில ஆண்டுகளாக அதை யூடியூபில் நேரலையாக ஒளிபரப்புகிறோம். மக்கள் அவ்வளவு நேரம் பார்க்கமாட்டார்கள் என்று முடிவுசெய்து, ஐம்பது நிமிடமாக வெட்டியவன் நான்தான். முதலில் வெட்டியது யூதாசின் பகுதியை. முப்பது வெள்ளிக்காசோடு அவன் திரும்பி வந்து, மாசற்ற இரத்தத்தைக் காட்டிக்கொடுத்தேன் என்று சொல்லும்போது, அது உன் பாடு என்று கைவிரித்தவர்கள் தலைமைக் குருக்கள். தன் பாவத்தைச் சொல்ல வந்தவனுக்குக் குருமார் சொன்ன பதில் அது. எங்கள் மேடையில் இப்போது யூதாசு முத்தமிடுகிறான், மறைகிறான். எந்த மனிதனையும் பெயர் சொல்லி நரகத்திலிருப்பதாகத் திருச்சபை ஒருநாளும் அறிவித்ததில்லை. யூதாசைப் பற்றிக்கூட அவ்வாறு அறிவிக்காத திருச்சபையின் மேடையில், அவனுக்கு மூன்று நிமிடம் போதும் என்று நான் தீர்மானித்திருந்தேன்.

குறிப்பேட்டைத் திருப்பிக் கொடுத்தபோது அந்தப் பையனிடம் இந்த அக்காசாவை ஏன் வரைந்தாய் என்று கேட்டேன். "அவன் பாவம், ஃபாதர்" என்றான். பிறகு சற்றுத் தயங்கி, "நம்ம பாஸ்காவுல யூதாசுக்குக் கதையே இல்லையே" என்றான்.

வரும் தவக்காலத்துக்குப் பழைய பிரதியை எடுத்திருக்கிறோம். யூதாசின் புலம்பல் மட்டும் பதினோரு பக்கம். மெட்டு தெரிந்த முதியவர் ஒருவர் இன்னும் இருக்கிறார். ஞாயிறு மாலைகளில் வந்து சொல்லித்தருகிறார். உரோமை வீரர்களின் கச்சைகளுக்கு, தொழிற்சாலையில் கழிந்த தோல் துண்டுகளை இரண்டு தாய்மார் வாங்கித் தைத்துத் தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். இரவு பத்து மணிக்கு ஒலிபெருக்கியை நிறுத்த வேண்டும் என்பது சட்டம். எனவே நான்கு மணி நேரத்தை எப்படி அடக்குவது என்பது பங்குப்பேரவையில் இன்னும் முடிவாகவில்லை. முன்னதாகவே தொடங்கலாம் என்கிறார்கள் சிலர். வேலைக்குப் போன பெண்கள் அதற்குள் வீடு திரும்பமாட்டார்கள் என்கிறார்கள் சிலர். பிலாத்துவின் பேச்சைக் குறைத்தாலே போதும் என்பது குறிப்பேட்டுக்காரனின் யோசனை.